சுல்தான் வேஷம்

துருக்கியனை நான் பார்த்ததில்லை.
கடலையும் பார்த்ததில்லை.
"கடலுக்கு அப்பால், அதற்கும் அப்பால்"
என்றார் சாமியார் அந்தோலின்,
எங்கள் மொழியைச் சுட்ட கிழங்காய்
வாய்க்குள் உருட்டிக்கொண்டே.
"பொல்லாதவன். கடைசியில் தோற்பான்.
உயரமாய் இருக்கிறாய். நீயே சுல்தான்."

அன்று என் பெயர் ஒமே மாசாத்ல்.
இரண்டு மான் என்னும் நாளில் பிறந்தவன்.
சுண்ணாம்பு சுமக்கிறவன்.
புதுக்கோயிலின் கல்
எந்தக் கோயிலிலிருந்து வந்ததென்று
கேட்காமலே தெரிந்தவன்.

தலைப்பாகைக்குப் பதினோரு முழம் பருத்தி.
மீசைக்குச் சோளக்கதிரின் குஞ்சம்.
கள்ளிப்பூச்சியை நசுக்கி
முகத்துக்குச் சிவப்பு.
ஒத்திகை நாற்பது நாள்.
நாற்பது நாளும் வான்கோழிக் கறி,
நாற்பது நாளும் கல் தூக்க வேண்டாம்.
தெருவில் போனால் பிள்ளைகள் ஓடிவந்து
துணியின் ஓரத்தைத் தொட்டார்கள்.

அப்போதுதான் உறைத்தது.

சிறுவயதில் ஒருவனைப் பார்த்திருக்கிறேன்.
சாமி வேஷம் கட்டி, வருஷம் முழுக்க
ஊட்டி வளர்த்தார்கள்.
புல்லாங்குழல் ஊதிக்கொண்டு எங்கள் வாசலைக் கடப்பான்,
என் அம்மா மண்ணைத் தொட்டு
விரலை வாயில் வைப்பாள்.
கடைசி நாளில் படிக்கு ஒன்றாய்க்
குழல்களை முறித்துக்கொண்டே
ஏறிப் போனான்.
அவன் நடித்தான் என்று யாரும் சொன்னதில்லை.
எங்களுக்கு
உடுத்தினால் உடுத்தியதுதான்.

கேட்டே விட்டேன்:
"ஐயா, என்னை எந்த நாளில் ஏற்றுவீர்கள்?"
"எங்கே?"
"படியில்."
சிரித்தார்.
சிரிப்பு அவர் முகத்தில்
இறங்க இடம் தெரியாமல் நின்றது.
"மகனே, இது கூத்து" என்றார்.
அதற்கு அவர் எடுத்த சொல்
எங்களிடம் பந்தாட்டத்துக்கு ஆகிவருவது.
அதில் தோற்றவன்
தலையைக் கொடுத்ததும் உண்டு.

நாள் வந்தது.
மூங்கிலும் காகிதமுமாய் ஜெருசலேம்,
கோட்டை உச்சியில் சாமந்தி.
எதிரே ஸ்பானியராய் நின்றவர்கள்
எங்கள் தெருக்காரர்கள்.
முகமெல்லாம் வெள்ளைச் சுண்ணாம்பு,
அதைச் சுமந்து வந்தது நான்.
கள்ளிப்பழச் சாறு அடைத்த மண்ணுருண்டைகள்
பறந்து வந்து நெஞ்சில் உடைந்தன.
கூட்டம் கூச்சலிட்டது. ஒரு கிழவர் மட்டும்
கண்ணை மூடிக்கொண்டார்.

எனக்கு ஒரே வரி:
"தோற்றேன். எனக்கும் என் ஆட்களுக்கும்
அந்த நீரைத் தாருங்கள்."
ஒத்திகையில் கிண்ணம் வெறும் கிண்ணம்.
அன்று அதில் தண்ணீர் இருந்தது.
மலைச்சுனையின் குளிர்,
உச்சந்தலையில் இறங்கி
ஒட்டுமீசையைக் கரைத்தது.
"பிளாஸ்" என்றார் காதருகே.
எனக்குப் பின்னால் முந்நூறு துருக்கியர்,
தங்கள் வரி எதுவென்று யாரும் சொல்லாத முந்நூறு பேர்,
வரிசையாய்க் குனிந்தார்கள்.
ஓரத்தில் ஒரு கணக்கன்
பத்துக்கு ஒரு கோடு இழுத்தான்.

மேளம் நின்றது. கூட்டம் கலைந்தது.
வேஷம் கலைக்க யாரும் வரவில்லை.
காகிதக் கோட்டையடியில்
இருட்டும்வரை காத்திருந்தேன்.
நாய் ஒன்று என் காலடிச் சிவப்பை நக்கியது,
இரத்தமில்லை என்று தெரிந்ததும் போய்விட்டது.
மார்பில் கை வைத்துப் பார்த்தேன்.
அடித்துக்கொண்டிருந்தது,
வேலை முடிந்தும் கூலி வாங்காத ஆளைப்போல.

மறுநாள் சுண்ணாம்புச் சூளையில்
பெயர் கேட்டார்கள்.
நான் வாய் திறக்குமுன்
எழுதி முடித்திருந்தார்கள்.

தெயாகாபன் ஒன்றும் கேட்கவில்லை.
தலைப்பாகையை இரண்டாய்க் கிழித்து
ஒரு பாதியில் குழந்தையைக் கட்டி
முதுகில் போட்டுக்கொண்டு
சோளம் அரைக்கப் போனாள்.
மறு பாதி கூடையில் இருக்கிறது,
மடித்து, துவைக்காமல்,
யாராவது வந்து கேட்டால் கொடுக்க.